குதிரைத் தீவனத்தை மழைக்காலத்திலும் கெடாமல் வைப்பது எப்படி?

ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் முதல் குதிரையைப் பிடித்து வருபவர்களுக்கு மூன்றே மாதத்தில் ஐப்பசி மழை வந்துவிடும். தீவனம் கெடுவது அப்போதுதான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டது உள்ளே போனால் வெளியே வர வழியில்லை, வயிற்றுவலியில் உயிரே போகலாம்.

படி 1: கடையிலேயே சோதியுங்கள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். நடுவில் சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் வேண்டாம். கொள்ளு நாலு எடுத்துக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும். அமுங்கினால் ஈரம் இருக்கிறது. ஈரப்பதம் 12, 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

படி 2: மூட்டையைத் தரையில் போடாதீர்கள். செங்கல் வைத்துப் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

படி 3: பிரித்த மூட்டையை இறுக்கமான மூடி உள்ள டிரம்மில் கொட்டுங்கள். எலி மூத்திரம் பட்டால் எலிக்காய்ச்சல் குதிரைக்கும் வரும், உங்களுக்கும் வரும். தகர டிரம் வெயிலில் நின்றால் இரவில் உள்ளே வியர்க்கும், நிழலில் வையுங்கள். பழையது தீர்ந்து, அடித்தூசியைத் துடைத்த பிறகே புதியதைக் கொட்ட வேண்டும். அறைக்குப் பூட்டு கட்டாயம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து ஒரேயடியாகத் தானியம் தின்ற குதிரைக்கு வயிற்றுவலியோடு குளம்பும் கெட்டுப்போகும்.

தவிடு தனி ரகம். அதில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மொத்தமாக வாங்காதீர்கள், இரண்டு வாரத்துக்குப் போதும். உடைத்த தானியமும் அப்படித்தான்.

படி 4: வண்டு. கொள்ளில் வண்டு விழுந்தால் வெயிலில் பரப்பிக் காயவைத்துப் புடைத்து எடுங்கள். நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்ததைப் போடுங்கள். நெல்லுக்கு வைக்கும் மாத்திரையைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதிலிருந்து வரும் வாயு குதிரையையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

படி 5: காய்ந்த புல்லை ஈரத்தோடு அடுக்கினால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். அடுக்கிய முதல் சில வாரங்கள் கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். உதறும்போது வெண்தூசி பறந்தாலோ, கட்டுக்குள் செத்த எலி கிடந்தாலோ அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், கோழித் தீவனத்தை அதே அறையில் வைக்காதீர்கள், அதற்கு எடுத்த முறத்தையும் இதற்கு எடுக்காதீர்கள். கோழித் தீவனத்தில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்து கொஞ்சம் போனாலே குதிரையின் இதயம் பாதிக்கப்படும்.

பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைக் காயவைத்துக் கொடுக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. காயவைத்தாலும் அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.