குழு ப்ராஜெக்ட்டில் ஆளுக்கு எவ்வளவு மார்க்? புதிதாகக் கைடு ஆனவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

இன்ஜினியரிங் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே இறுதியாண்டு ப்ராஜெக்ட் பேட்ச் ஒன்றிரண்டை நம் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். பேட்ச்சுக்கு மூன்று பேர், இல்லையென்றால் நான்கு பேர். ரிவ்யூக்கள் முடிந்து மார்க் ஷீட் மேசைக்கு வரும்போது நால்வருக்கும் 88, 88, 88, 87 என்று போட்டுக் கையெழுத்திடுவது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ராத்திரி கண்விழித்துச் செய்த பிள்ளைக்கும் கூட்டத்தோடு கோவிந்தா போட்ட பிள்ளைக்கும் ஒரே மார்க். உழைத்த மாணவர் நம்மிடம் வந்து எதுவும் கேட்கமாட்டார். கேட்கவில்லை என்பதற்காக அது நியாயமாகிவிடாது.

இதைச் சரிசெய்ய முடியும். ஆனால் கடைசி வாரத்தில் முடியாது. யார் என்ன செய்தார் என்பதற்கான ஆதாரம் வேலை நடக்கும்போதுதான் கிடைக்கும். அதனால் முதல் வாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: மார்க்கைப் பிரித்து, முதல் நாளே சொல்லிவிடுங்கள்

துறையில் ஏற்கெனவே ஒரு படிவம் இருந்தால் அதற்குள் பொருத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 100 மார்க்கை இப்படிப் பிரிக்கலாம்: குழு செய்து முடித்த பொருளுக்கும் ரிப்போர்ட்டுக்கும் 60, தனித்தனி வைவாவுக்கு 25, வாராந்திர டைரிக்கு 15. அந்த 60-லும் பாதி எல்லோருக்கும் பொது. மீதிப் பாதி சக மாணவர்கள் தரும் மதிப்பீட்டைப் பொறுத்து ஏறும், இறங்கும். இதை ஒரு தாளில் எழுதி, நால்வரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: மாட்யூலுக்கு மாட்யூல் ஒரு பெயர்

1913-ல் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கயிறு இழுக்கும் கூட்டத்தில் ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போனது. பிற்காலத்தில் அமெரிக்காவில் கைதட்டல், கூச்சல் இவற்றை வைத்துச் செய்த சோதனைகளிலும் இதே தளர்ச்சி தெரிந்தது. ஆனால் தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தவுடன் அந்தத் தளர்ச்சி போய்விட்டது. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: ஆளுக்கொரு பகுதி என்று பெயரோடு எழுதி வைத்தாலே பாதிப் பிரச்சினை வராது.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். கலந்த பேட்ச்சில் பையன்கள் கோடிங்கையும் சர்க்யூட்டையும் எடுத்துக்கொண்டு, பெண்களிடம் பிபிடியையும் டாக்குமென்டேஷனையும் தள்ளிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பிறகு வைவாவில் ‘இவங்களுக்கு டெக்னிக்கலா எதுவும் தெரியல’ என்ற பேச்சு வரும். நால்வருக்கும் ஒரு தொழில்நுட்பப் பகுதி இருக்க வேண்டும், நால்வரும் ரிப்போர்ட்டில் ஓர் அத்தியாயமாவது எழுத வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 3: வாரம் மூன்று வரி

டைரி என்று நான் சொன்னது இதுதான். ஒவ்வொருவரும் தனி நோட்டில் வாரம் மூன்று வரி எழுதட்டும்: இந்த வாரம் என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், அடுத்து என்ன. அந்த வாரமே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். செமஸ்டர் கடைசியில் மொத்தமாக வாங்கினால், எல்லா வாரமும் ஒரே பேனா மையில், ஒரே மூச்சில் எழுதியதாகத்தான் இருக்கும்.

ரிப்போர்ட்டை கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் வெர்ஷன் ஹிஸ்டரியில் யார் எதை எப்போது எழுதினார் என்று தெரியும். ப்ரோக்ராம் கோடு கிட்ஹப் தளத்தில் இருந்தால் கமிட் பட்டியல், அதாவது யார் எப்போது எந்த மாற்றத்தை ஏற்றினார் என்ற பதிவு கிடைக்கும். ஆனால் கமிட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மார்க் போட்டுவிடாதீர்கள். பேட்ச்சில் ஒருவரிடம்தான் நல்ல லேப்டாப் இருக்கும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து செய்த வேலை அவர் ஒருவர் பெயரில் ஏறியிருக்கும். அப்படி நடந்தால் கமிட் மெசேஜிலேயே வேலை செய்தவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 4: சக மாணவர் மதிப்பீடு

நால்வர் பேட்ச் என்றால் ஒவ்வொரு மாணவரிடமும் 30 புள்ளி கொடுங்கள். தன்னை விட்டுவிட்டு மற்ற மூவருக்கும் அதைப் பிரித்துத் தர வேண்டும். எல்லோரும் சமமாக உழைத்திருந்தால் ஆளுக்குப் பத்து. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு வரி காரணம் கட்டாயம். தாளை நேரடியாக உங்களிடம் தர வேண்டும். டீம் லீட் சேகரித்துத் தரக்கூடாது.

க, ச, த, ப என்று நால்வர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

க தந்தது: ச 11, த 13, ப 6
ச தந்தது: க 11, த 12, ப 7
த தந்தது: க 12, ச 12, ப 6
ப தந்தது: க 10, ச 10, த 10

பெற்ற புள்ளியைக் கூட்டினால் க 33, ச 33, த 35, ப 19. ஒவ்வொன்றையும் 30-ஆல் வகுத்தால் க-வுக்கும் ச-வுக்கும் 1.1, த-வுக்கு 1.17, ப-வுக்கு 0.63.

குழுவின் பொருளுக்கு 60-க்கு 48 கொடுத்திருக்கிறீர்கள் என்றால் 24 நால்வருக்கும் பொது. மீதி 24-ஐ அவரவர் எண்ணால் பெருக்குங்கள். க-வுக்கும் ச-வுக்கும் 50.4, த-வுக்கு 52, ப-வுக்கு 39.2. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ என்ற மென்பொருளும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. நமக்கு எக்செல் ஷீட் ஒன்று போதும். பெருக்கும் எண்ணுக்கு மேல் வரம்பாக 1.2 வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரிவ்யூ முடிந்ததும் ஒரு முறை இதை நடத்துங்கள், மார்க்கில் சேர்க்காமல். பின்தங்கியவருக்குத் திருந்த நேரம் கிடைக்கும். கடைசியில் நடத்துவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

படி 5: எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

எல்லாத் தாளிலும் 10, 10, 10 என்றிருந்தால் ஒன்று அருமையான குழு, இல்லையென்றால் பேசி வைத்துக்கொண்டது. எது என்பதை டைரி சொல்லிவிடும். மூவர் ஒரே ஹாஸ்டல் அறை, நான்காமவர் தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர் என்றால், அவருக்கு விழும் குறைந்த எண் வேலையைக் காட்டுகிறதா, விலக்கி வைத்ததைக் காட்டுகிறதா என்று பாருங்கள். சாதி, ஊர், மொழி பார்த்து ஒதுக்குவதும் இந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். சிலர் சாயங்காலம் வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறவர்களாகவும் இருப்பார்கள். 0.8-க்குக் கீழே யார் வந்தாலும் தனியாகக் கூப்பிட்டுப் பேசாமல் மார்க்கைக் குறைக்காதீர்கள்.

படி 6: தனித்தனியாக வைவா

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நால்வரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டால் தெரிந்தவர் பதில் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. ஆளுக்குப் பத்து நிமிடம்.

‘உங்க ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லுங்க’ என்று தொடங்காதீர்கள், மனப்பாடம் செய்த அப்ஸ்ட்ராக்ட்தான் வரும். செய்தவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள். வருடா வருடம் வரும் ப்ராஜெக்ட் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: மண் ஈரத்தைப் பார்த்துத் தானாகத் தண்ணீர் விடும் ஆர்டுயினோ கருவி.

“மண் காய்ந்தால் ரீடிங் ஏறுமா, இறங்குமா?”
“பம்ப் எந்த எண்ணில் ஓட ஆரம்பிக்கணும்னு எப்படி முடிவு பண்ணினீங்க?”
“சென்சாரை மாத்த வேண்டி வந்துச்சா?”

கை வைத்துச் செய்தவர் உடனே சொல்வார்: “காய்ந்த மண்ணு ஒரு டப்பா, ஈர மண்ணு ஒரு டப்பா வச்சுப் பார்த்தோம் சார். காஞ்சதுல ஆயிரம் கிட்ட வந்துச்சு. கொஞ்ச நாள்ல கம்பி அரிச்சுப்போயி ரீடிங்கே தப்பா வந்துச்சு, அதனால ரீடிங் எடுக்கிற நேரம் மட்டும் கரன்ட் குடுக்கிற மாதிரி மாத்தினேன்.” மலிவான இரண்டு முள் சென்சாரை மண்ணிலேயே விட்டு, இடைவிடாமல் மின்சாரம் கொடுத்தால் மின்பகுப்பால் அது அரிக்கத்தான் செய்யும். ரிப்போர்ட்டை மட்டும் படித்தவருக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்காது. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தாலும் இந்த இடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

பிறகு ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லுங்கள். பம்ப் நிற்கும் எண்ணை மாற்றி ஓட்டிக் காட்டட்டும். அவர் பொறுப்பேற்ற மாட்யூலில் 15 மார்க், மற்றவர்களின் பகுதி தன் பகுதியோடு எப்படிச் சேர்கிறது என்பதில் 10 மார்க்.

தமிழில் பதில் சொல்ல விடுங்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளை முழு சர்க்யூட்டையும் தானே சால்டர் செய்துவிட்டு, ஆங்கிலம் வராமல் வாயடைத்து நிற்பதும், சரளமாகப் பேசத் தெரிந்த ஒப்புக்குச் சப்பாணி மார்க்கை அள்ளிக்கொண்டு போவதும் நம் வைவாக்களில் நடக்கும் பெரிய அநியாயம். ஆங்கிலத்தில் பேசும் திறனைப் பார்க்க வேண்டுமென்றால் பிரசன்டேஷனில் அதற்கென்று தனி மார்க் வையுங்கள்.

படி 7: கூட்டி, காட்டி, பிறகு ஏற்றுங்கள்

நம் கணக்கில் த-வுக்கு வைவாவும் டைரியும் சேர்த்து 34 என்றால் மொத்தம் 86. ப-வுக்கு 18 என்றால் 57.2, அதாவது 57. மார்க்கை ஆன்லைனில் ஏற்றும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கை மட்டும் காட்டுங்கள். சக மாணவர் எழுதிய தாளை எந்தக் காரணத்துக்காகவும் காட்டாதீர்கள். ப வந்து “எனக்கு மட்டும் ஏன் குறைவு மேம்?” என்று கேட்டால், அவருடைய டைரியையும் வைவாவில் நீங்கள் எழுதி வைத்த குறிப்பையும் திறந்து காட்டுங்கள். அவர் செய்த வேலைக்கு வேறு ஆதாரம் கொண்டுவந்தால் வாங்கிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அங்கேயே மார்க்கைத் திருத்தி, தேதியோடு கையெழுத்திடுங்கள்.