பட்ஜெட் விமானத்தில் ஊருக்கு: செய்யக்கூடாத சில தவறுகள்

சிங்கப்பூரில் எங்கள் நிறுவனத்திலிருந்து தமிழ்நாட்டில் உள்ள ஊருக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பாகிவிட்டது. நவம்பர் பிறந்தால் போதும், “அண்ணே, பட்ஜெட் விமானத்தில் போகலாமா? சர்வீஸ் ரொம்ப மோசமாமே?” என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள்.

போகலாம். சர்வீஸ் மோசம் என்பதும் பல நேரங்களில் உண்மைதான். இரண்டையும் தெரிந்துகொண்டு ஏறுகிறவருக்கு நட்டமில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு ஏறுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். நாங்கள் வந்த புதிதில் செய்த அதே பிழைகளைப் புதிதாக வரும் பிள்ளைகளும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட்டை மறப்பது, நள்ளிரவு விமானத்துக்குத் தேதியைத் தப்பாகக் கணக்குப் போடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவை இங்கே வேண்டாம்.

முதலில் ஒன்று. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய விவாதமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேராகப் பறப்பவை ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்றவைதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வேண்டுமென்றால் சென்னையில் இறங்கி, அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டும். கோயம்புத்தூருக்கு ஒரு காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான சில்க்ஏர் போனது. 2019-இல் அந்தத் தடம் ஸ்கூட்டுக்குப் போய்விட்டது. ஊருக்கு நேரே போவதென்றால் பட்ஜெட் விமானம்தான். அதை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதே நம் வேலை.

எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியாமல் வாங்குவது

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற முழுச் சேவை நிறுவனத்தின் டிக்கெட் விலையில் சாப்பாடும் லக்கேஜும் மட்டும் அடங்கியிருப்பதில்லை. விமானம் ரத்தானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடவும், தேவைப்பட்டால் வேறு நிறுவனத்தின் விமானத்தில் இடம் பிடித்துத் தரவும் அவர்களுக்குள் ஏற்பாடு இருக்கும். பட்ஜெட் நிறுவனங்களில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு கிடையாது. ஒரு ஊருக்கு நாளுக்கு ஒரு விமானம், இரண்டு விமானம் என்று ஓட்டுவார்கள். அதையும் தரையில் அதிக நேரம் நிற்க விடாமல் திருப்பி அனுப்புவார்கள். காலையில் எங்கோ ஒரு மணி நேரம் தாமதமானால் இரவில் சாங்கி விமான நிலையத்தில் நிற்கும் உங்கள் தலையில் அது விடியும். கவுண்டரில் இருக்கும் பெண் பெரும்பாலும் அந்த விமான நிறுவனத்தின் ஊழியர்கூட இல்லை. தரைச் சேவை ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவரிடம் கத்திப் பயனில்லை. அவரால் மாற்ற முடிந்தது மிகக் குறைவு.

ஆக, மலிவாகக் கிடைப்பது இருக்கை. கிடைக்காமல் போவது சிக்கல் வந்தால் கைகொடுக்க ஓர் ஆள். அந்த ஆள் தேவைப்படாத மாதிரி பயணத்தை அமைத்துக்கொண்டால் பட்ஜெட் விமானம் நிச்சயம் லாபம்தான்.

நடுவில் முகம் தெரியாத இணையத்தளத்தை நுழைப்பது

இத்தனை வருடம் சொல்லியும் நிற்காத தவறு இது. இன்றைக்கும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் பட்டறையில் வெல்டராக இருக்கும் தம்பி ஒருவர் தங்கை கல்யாணத்துக்காக டிக்கெட் வாங்கினார். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்த விலையைவிட, பெயரே கேள்விப்படாத ஒரு டிக்கெட் தளத்தில் இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சம் குறைவு. அதையே வாங்கினார். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் விமான நிறுவனம் அந்த விமானத்தை ரத்து செய்து, எல்லோரையும் மறுநாள் விமானத்துக்கு மாற்றியது. அந்தத் தகவல் மின்னஞ்சலில் போனது. யாருக்கு? டிக்கெட் தளத்துக்கு. ஏனென்றால் பதிவு செய்யும்போது அவர்கள் கொடுத்தது தம்பியின் முகவரியை அல்ல, தங்கள் முகவரியை. அங்கிருந்து இவருக்கு ஒரு வரிகூட வரவில்லை.

கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டியோடு சாங்கியில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. “உங்கள் விமானம் நாளைக்கு. வேண்டாமென்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் டிக்கெட் வாங்கிய இடத்தில்தான் கேட்க வேண்டும்” என்றார்கள். டிக்கெட் வாங்கிய இடத்துக்குத் தொலைபேசி எண் இல்லை. அரட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் இயந்திரம்தான் பதில் சொன்னது. “விமான நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்” என்று திரும்பத் திரும்ப ஒரே வரி. அந்த இரவில் எனக்கு அழைத்தார். குரல் நடுங்கியது. மறுநாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, அதற்கடுத்த காலை முகூர்த்தம். வேறு நிறுவனத்தில் அன்றைய விலைக்குச் சென்னைக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தோம். முன்பு மிச்சம் பிடித்த இருபது வெள்ளியைப் போலப் பல மடங்கு போனது. சென்னையிலிருந்து பஸ் பிடித்து, மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தியும் எழுந்த பிறகுதான் வீடு சேர்ந்தார். ஒரே தங்கை. பணம் பல மாதம் கழித்து வந்தது, அதிலும் ‘சேவைக் கட்டணம்’ பிடித்துக்கொண்டு.

விமான நிறுவனம் இதில் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. கவுண்டரில் யாராவது கொஞ்சம் மனம் வைத்திருக்கலாம். ஆனால் நேரடியாக வாங்கியிருந்தால் ஒரு வாரம் முன்பே தகவல் வந்திருக்கும். அன்றைக்கே முந்தின நாள் விமானத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கலாம், இல்லை வேறு டிக்கெட்டை நிதானமாகத் தேடியிருக்கலாம். ஏற்கெனவே உதவ ஆள் இல்லாத இடத்தில், பொறுப்பேற்காத இன்னொருவரையும் நடுவில் நிறுத்துகிறோம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். இரண்டு பேருக்கும் நடுவில் நாம் நிற்போம்.

ஸ்கைஸ்கேனர், கூகுள் ஃப்ளைட்ஸ் போன்றவற்றில் விலையைத் தேடுங்கள், ஒப்பிடுங்கள், தவறே இல்லை. ஆனால் காசு கட்டும்போது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கோ செயலிக்கோ போய்க் கட்டுங்கள். தேடல் பக்கத்தில் தெரியும் முதல் விலையை அழுத்தினால் பல நேரம் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். மேலே முகவரியைப் பார்த்துவிட்டு அட்டை எண்ணைப் போடுங்கள்.

ஏற்கெனவே இப்படி வாங்கிவிட்டீர்களா? சரி, இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். விமான நிறுவனம் கொடுத்த ஆறு எழுத்துப் பதிவெண் எது என்று கண்டுபிடியுங்கள். டிக்கெட் தளத்தின் சொந்த எண் வேறாக இருக்கும், அது கவுண்டரில் செல்லாது. அந்தப் பதிவெண்ணோடு விமான நிறுவனத்தின் தளத்துக்குள் போய், மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவையா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுங்கள். மாற்ற விடவில்லை என்றால், பயணத்துக்கு முந்தின இரண்டு வாரமும் அடிக்கடி உள்ளே போய் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) கடை வைத்திருக்கும் டிக்கெட்காரர்களை இதில் சேர்க்காதீர்கள். சிங்கப்பூரில் பயண முகவராகத் தொழில் செய்யப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், சரிபாருங்கள். சிராங்கூன் சாலைக் கடைக்காரர் பத்து வெள்ளி கூட வாங்கினாலும், பிரச்சினை வந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் மேசை முன்னால் போய் உட்காரலாம். அவர் தட்டிக் கழித்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை அது விசாரிக்கும், வக்கீலும் தேவையில்லை. எங்கே பதிவு செய்தது என்றே தெரியாத தளத்தை எந்த மன்றத்துக்கு இழுப்பீர்கள்?

பெயரைத் தோராயமாகப் போடுவது

நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. பல இந்தியக் கடவுச்சீட்டுகளில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். இங்கே பிறந்தவர்களின் கடவுச்சீட்டில் தந்தை பெயருக்கு முன்னால் s/o, d/o என்று சாய்கோட்டோடு எழுத்துகள் இருக்கும். பதிவுப் பக்கம் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. பதிவுப் பக்கத்திலோ உதவிப் பக்கத்திலோ குறிப்பு இருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள். பிறகு திருத்தலாம் என்று விடாதீர்கள்; பட்ஜெட் டிக்கெட்டில் பெயர்த் திருத்தத்துக்கு ஆகும் செலவு சில நேரம் டிக்கெட் விலைக்கே பக்கமாக வந்துவிடும்.

இரண்டு தனி டிக்கெட்டை ஒரே நாளில் கோப்பது

சிங்கப்பூர் – கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர் – திருச்சி இன்னொரு டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் இல்லை. இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தாலும் தனித்தனியாக வாங்கினால் கதை அதுதான். நடுவில் மலேசியக் குடிநுழைவைத் தாண்டி, லக்கேஜை எடுத்து, மறுபடி போட வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையும் வேண்டும். ஒரே பதிவில் இணைப்பு விமானமாக வாங்குங்கள். இல்லையேல் நடுவில் ஓர் இரவு விடுங்கள்.

லக்கேஜைக் கவுண்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று போவது

முன்கூட்டியே வாங்குங்கள். கவுண்டரில் எப்போதும் விலை அதிகம். கைப்பைக்கு ஸ்கூட்டில் 10 கிலோ, ஏர்ஏஷியாவில் 7 கிலோ. கோடாலித் தைலமும் மைலோவும் சேர்ந்தால் 7 கிலோ எளிதில் தாண்டும். வீட்டிலேயே எடை போடுங்கள். ஊரிலிருந்து திரும்பும்போதும் இதே கணக்குதான், அம்மா கட்டிக்கொடுக்கும் ஊறுகாயும் பொடியும் கடைசி நிமிடத்தில்தான் பையில் ஏறும்.

சாப்பாடு

சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

கைப்பேசி

வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். ஏப்ரல் 2025 முதல் ஸ்கூட் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தக் கூடாது.

தாமதமானால் இழப்பீடு வரும் என்று நம்புவது

ஐரோப்பாவில் தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரை கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. மலேசியாவிலிருந்து பறக்கும்போது 2024 செப்டம்பர் முதல் ஒரு விதி இருக்கிறது: 5 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டு டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மற்றபடி கைகொடுப்பது பயணக் காப்புறுதிதான். பல திட்டங்களில் 6 மணி நேரத் தாமதத்துக்குப் பிறகுதான் பணம் தருவார்கள். அதற்குத் தாமதத்தையும் அதன் காரணத்தையும் விமான நிறுவனம் எழுத்தில் தந்திருக்க வேண்டும். விமானம் கிளம்புவதற்கு முன்பே கவுண்டரில் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் அலைய விடுவார்கள்.

பெற்றோரைத் தனியாக ஏற்றிவிடுவது

பேரப்பிள்ளையைப் பார்க்க முதல்முறை விமானம் ஏறும் அம்மா அப்பாவுக்குப் பட்ஜெட் விமானம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். திருச்சியில் ஏறிச் சாங்கியில் இறங்குவது அவர்களுக்குச் சென்னை போய் மாறுவதைவிட எளிது. ஆனால் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். வாசலில் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று இருக்காதீர்கள். அடுத்தடுத்த இருக்கைக்குக் காசு கட்டுங்கள், அந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து சேருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நீங்களே நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கும் பக்கம் போலி. நிரப்பியதும் விசா, டிக்கெட், உங்கள் முகவரி, கைப்பேசி எண் எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு அப்பாவின் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.