குறுவட்டப் போட்டிக்கு நடுவர் போடுவது எப்படி?

தமிழ்நாட்டில் குறுவட்டப் பள்ளிப் போட்டிகளுக்கு (அருகருகே உள்ள பள்ளிகள் தங்களுக்குள் மோதும் போட்டிகள்) நடுவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களே. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது: தன் பள்ளி அணி ஆடும் ஆட்டத்துக்கு ஓர் ஆசிரியரை விசில் ஊத விடக்கூடாது. ஆகவே குலுக்கல் முடிந்து ஆட்ட அட்டவணை வந்த பிறகே பெயர்களை நிரப்புங்கள்.

கபடிக்கு ஒரு ஆடுகளத்துக்கு ஆறு பேர்: ரெஃபரி 1, அம்பயர் 2, ஸ்கோரர் 1, உதவி ஸ்கோரர் 2. இரண்டு களம் என்றால் 12. கூடுதலாக இருவரை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவராவது வரமாட்டார்.

வாட்ஸ்அப் தகவல் மட்டும் போதாது. பணி ஆணை தலைமையாசிரியர் பெயருக்குப் போனால்தான் ஆசிரியரை விடுவிப்பார்கள். தேதி, மைதானம், வரவேண்டிய நேரம், விளையாட்டு, வயதுப் பிரிவு (14, 17, 19) எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் நாள் மாலை போனில் உறுதி செய்யுங்கள். மழையால் தேதி மாறினால் பழைய ஆணை செல்லாது, திருத்திய ஆணை அனுப்புங்கள், பலரும் மறப்பது இதைத்தான்.

ஆட்டம் முடிந்ததும் வருகைச் சான்றிதழைக் கையோடு கொடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் அவர் பள்ளியில் அந்த நாள் விடுப்பாகிவிடக்கூடும்.