அறிவியல் எழுத்தாளர் எவ்ளோ எழுதினாரு, எத்தனை பேர் எடுத்தாண்டாங்க? கணக்கு போடறது எப்படின்னு பாக்கலாம்

ஆய்வுக் கட்டுரை தேடற கூகுள் ஸ்காலர்ல பேரைத் தட்டி, மேல வர்ற நம்பரை அப்படியே எழுதிக்கிட்டு வந்துடாதீங்க, நான் மொதல்ல அப்படித்தான் பண்ணேன், அப்புறம் ஒவ்வொண்ணா திறந்து பாத்தா ஒரே புத்தகம் நாலு தடவை நிக்குது, நடுவுல வேற யாரோட கட்டுரையோ வந்து உக்காந்திருக்கு. அதனால கொஞ்சம் பொறுமையா பண்ணுவோம்.

பழகறதுக்கு ஸ்டீபன் ஜே கூல்டை எடுத்துக்கலாம். ஹார்வர்டுல தொல்லுயிரியல் ஆளு, நத்தை ஆராய்ச்சி ஒரு பக்கம், பொதுமக்களுக்கு எழுதறது இன்னொரு பக்கம். 2002ல இறந்துட்டாரு, அதனால பட்டியல் பெருசா வளராது. இன்னொரு வசதி, அதே 2002ல மைக்கேல் ஷெர்மர்னு ஒரு அறிவியல் எழுத்தாளர் கூல்டு எழுதினதையெல்லாம் உக்காந்து எண்ணி வெச்சிருக்காரு: 479 ஆய்வுக் கட்டுரை, 22 புத்தகம், 300 பத்திரிகைக் கட்டுரை, 101 புத்தக விமர்சனம். கணக்குப் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல விடை இருக்குமே, அந்த மாதிரி.

ஸ்டெப் 1: ஒரு எக்ஸெல் ஷீட் திறங்க. வருஷம், தலைப்பு, கூட எழுதினவங்க, எங்க வந்துச்சு, என்ன வகை, எத்தனை சைட்டேஷன் (அதாவது எத்தனை பேர் எடுத்தாண்டிருக்காங்க), எந்த தேதியில பாத்தீங்க. அவ்ளோதான். "என்ன வகை"ங்கற நெடுவரிசையை மட்டும் விட்டுடாதீங்க, மொத்த வேலையும் அதுலதான் இருக்கு.

ஸ்டெப் 2: பேரு. ஸ்காலர்ல இடது மேல மூணு கோடு இருக்கும், அதுல அட்வான்ஸ்டு சர்ச் போய் ஆசிரியர் பேர் கட்டத்துல முழு இனிஷியலோட போடுங்க. வெறும் எஸ் கூல்டுன்னு போட்டா வேற துறைக்காரங்க கட்டுரையெல்லாம் வந்து கொட்டும். இப்ப எழுதறவங்கன்னா ஆர்சிட்னு ஆளுக்கு ஒண்ணா 16 இலக்க அடையாள நம்பர் வெச்சிருப்பாங்க, வேலை ஈஸி, ஆனா அது வந்ததே 2012லதான், கூல்டுக்கு எங்க போறது? நம்ம ஊர் ஆளுங்களுக்கு இன்னும் கஷ்டம், ஒரே ஆளு ஒரு எடத்துல இனிஷியலை முன்னாடி போட்டிருப்பாரு, இன்னொரு எடத்துல அப்பா பேரையே முழுசா பின்னாடி போட்டிருப்பாரு, எல்லா வடிவத்தையும் தேடித்தான் ஆகணும்.

ஸ்டெப் 3: வகை பிரிக்கறது. இங்கதான் நெறைய பேர் சறுக்கறாங்க. கூல்டு 'நேச்சுரல் ஹிஸ்டரி' பத்திரிகையில 1974 ஜனவரிலேர்ந்து 2001 ஜனவரி வரைக்கும் ஒரு இதழ் கூட விடாம எழுதி 300 முடிச்சாரு, அதுல பொறுக்கியெடுத்து 10 தொகுப்பா புத்தகம் வந்துச்சு. இப்ப அந்தக் கட்டுரையை பத்திரிகைல ஒரு தடவை, புத்தகத்துல ஒரு தடவை எண்ணினா ஒரே இட்லிக்கு ரெண்டு பில்லு. தொகுப்பு, புதுசா எழுதின புத்தகம், ஆய்வுக் கட்டுரை, விமர்சனம்னு தனித்தனியா வைங்க, கடைசி வரைக்கும் கூட்டாதீங்க.

ஸ்டெப் 4: சைட்டேஷன் எடுக்கறது. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் கீழ அதை எத்தனை பேர் எடுத்தாண்டாங்கன்னு எண்ணிக்கை இருக்கும். 'தி மிஸ்மெஷர் ஆஃப் மேன்' 1981ல வந்து 1996ல திருத்திய பதிப்பு வேற வந்துச்சு, இப்படி சிதறிக் கெடக்கறதை ஒரே வரியில சேத்துடுங்க. (மனுஷனோட அறிவை ஒத்தை நம்பர்ல அளக்காதீங்கன்னு சண்டை போட்ட புத்தகம் அது, அதை எழுதினவரையே நாம இப்ப அளந்துக்கிட்டு இருக்கோம், மன்னிச்சுக்கோங்க சார்.) அப்புறம் நம்பரைப் பாத்து அசந்துடாதீங்க. 1979ல லெவான்டின்னு ஒரு மரபியல்காரரோட சேந்து பரிணாமத்தைப் பத்தி எழுதின 'ஸ்பாண்ட்ரல்' கட்டுரைக்கு ஆயிரக்கணக்குல சைட்டேஷன் இருக்கு, ஆனா அதுல மறுத்து எழுதினவங்களும் அடக்கம். திட்டினாலும் ஒண்ணு, புகழ்ந்தாலும் ஒண்ணு. ரிசல்ட்டைத் திறந்து ஒரு இருபதாவது படிச்சுப் பாருங்க, எதுக்கு எடுத்தாள்றாங்கன்னு புரிஞ்சிடும்.

ஸ்டெப் 5: எச்-இண்டெக்ஸ். 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்னது. அஞ்சு கட்டுரைக்கு ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது அஞ்சு சைட்டேஷன் இருந்து, ஆறுக்கு ஆறு இல்லன்னா எச் 5. கையாலயே போடலாம். சைட்டேஷனை பெருசுலேர்ந்து சிறுசா அடுக்குங்க: 40, 22, 15, 9, 6, 5, 3, 1, 0. அஞ்சாவது எடத்துல 6 இருக்கு, அஞ்சை விடப் பெருசு, ஓகே. ஆறாவது எடத்துல 5 தான் இருக்கு, பத்தாது. அப்போ எச் 5. பத்தும் அதுக்கு மேலயும் உள்ளது மூணு, அதனால ஐ10 வந்து 3. இப்ப மொத நம்பர் 40ஐ 4000ன்னு மாத்திப் பாருங்க, எச் அப்பவும் அதே 5! ஒரே ஒரு பெரிய புத்தகத்தால பேர் வாங்கின எழுத்தாளருக்கு இது சுத்தமா ஒத்து வராது, பக்கத்துலயே மொத்த சைட்டேஷனையும் டாப் மூணையும் எழுதிடுங்க. கையால போட சோம்பலா இருந்தா ஹார்சிங்னு ஒரு ஆய்வாளரோட 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' சாஃப்ட்வேர் இதையெல்லாம் கணக்கு போடும், இலவசம், ஆனா குப்பையை நீங்கதான் பொறுக்கணும்.

ஸ்டெப் 6: பத்திரிகைக் கட்டுரை. லட்சம் பேர் படிச்சிருந்தாலும் ஸ்காலர்ல பெரும்பாலும் பூஜ்யம்தான் காட்டும், ஏன்னா படிச்சவங்க யாரும் அடிக்குறிப்பு போடறதில்ல. அதுக்கு பல நாட்டு லைப்ரரிகளோட பட்டியலான வேர்ல்டுகேட்ல போய் தொகுப்பு எத்தனை லைப்ரரில இருக்கு, எத்தனை மொழியில வந்திருக்குன்னு பாருங்க. துறைக்குள்ள மதிப்பு வேற கதை: கூல்டை 1989ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமில சேத்துக்கிட்டாங்க, பொதுமக்களுக்கு எழுதின இன்னொருத்தரான வானியல்காரர் கார்ல் சேகனை 1992ல ஓட்டு போட்டு வேணாம்னுட்டாங்க, அப்புறம் 1994ல அதே அகாடமி அவருக்கு பொதுநலப் பதக்கம் கொடுத்துச்சு. இதெல்லாம் ஷீட்டோட எந்த நெடுவரிசையிலயும் ஏறாது, ஷீட்டுக்குக் கீழ தனியா ஒரு பத்தியா எழுதி வைங்க.

முடிச்சதும் ஷெர்மரோட நம்பர் பக்கத்துல வெச்சுப் பாருங்க. உங்களுக்கு 479 வராது, ஸ்காலர்ல இல்லாததும் இருக்கும், நீங்க விமர்சனம்னு போட்டதை அவர் வேற கூடையில போட்டிருப்பாரு. எங்க எங்க வித்தியாசம் வருதுன்னு ஒரு பத்து வரிக்கு மட்டும் தேடிப் பாத்துட்டு, அப்புறமா உங்க எழுத்தாளரைத் தொடுங்க.