10 சதவீத வட்டி உண்மையில் எவ்வளவு?

பைக் கடனோ தனிநபர் கடனோ வாங்கப் போகிறவர்கள், பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத்தொடரைச் சற்றே தூசி தட்டுங்கள்.

60,000 ரூபாய் கடன், ஓராண்டுத் தவணை, 'ஃபிளாட்' வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் முழுக் கடன் தொகைக்கும் போடும் வட்டி, 10 சதவீதம் என்கிறார்கள். வட்டி 6,000 ரூபாய். மாதத் தவணை 5,500. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 60,000 ரூபாயும் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டுமே. அடுத்த மாதம் 55,000, பிறகு 50,000 என்று அசல் குறைந்துகொண்டே போய், கடைசி மாதம் 5,000 ரூபாய்தான் மிச்சம். முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 32,500. அந்தத் தொகைக்குத்தான் 6,000 ரூபாய் வட்டி கட்டுகிறீர்கள்! கணக்குப் போட்டால் 18 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். தவணைவாரியாகத் துல்லியமாகப் போட்டாலும் ஏறக்குறைய 18தான்.

கடையில் நின்றபடியே கணக்கிட ஒரு குறுக்குவழி: ஓராண்டுக் கடன் என்றால் ஃபிளாட் விகிதத்தை 1.8ஆல் பெருக்குங்கள். அந்த விடையை வங்கியின் 'குறையும் நிலுவை' வட்டியோடு, அதாவது மிச்சமுள்ள அசலுக்கு மட்டும் போடும் வட்டியோடு, ஒப்பிடுங்கள். செயலாக்கக் கட்டணம் இதில் சேராது; அதைத் தனியே கேட்டாக வேண்டும், தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும், தனிநபர்களுக்கான சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.