பூனைக்கும் நாய்க்கும் தளபாடம்: தொழிற்சாலையிடம் சாம்பிள் எடுத்துச் சோதிப்பது எப்படி?

பூனை யாழ்ப்பாண வீடுகளுக்குப் புதிதல்ல. பூனைக்கென்று காசு கொடுத்துத் தளபாடம் வாங்குவதுதான் புதிது. அப்படி வாங்குகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்கு விற்கலாம் என்று சீனாவிலோ இந்தியாவிலோ உள்ள தொழிற்சாலையுடன் முதல் தடவையாகப் பேசப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சாம்பிள் எப்போதும் அழகாகத்தான் வரும். கைதேர்ந்த ஒருவரை இருத்திச் செய்து அனுப்புவார்கள். ஆகவே அழகைப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு கேள்விக்கு விடை தேட வேண்டும். எங்கள் மாரியையும் கறையானையும் கொழும்பிலிருந்து வரும் லொறிப் பயணத்தையும் இது தாங்குமா? பின்னால் வரப்போகும் நூறு துண்டும் இதைப் போலவே இருக்குமா?

படி 1: கேட்பதற்கு முன் எழுதுங்கள்

ஒரேயொரு பொருளைத் தெரிவு செய்யுங்கள். உதாரணத்துக்குப் பூனை ஏறி விளையாடும் ‘கேட் ட்ரீ’. அதன் உயரம், அடிப்பலகையின் நீள அகலம், பலகையின் வகையும் தடிப்பும், தூணின் விட்டம், அதில் சுற்றும் கயிற்றின் தடிப்பு, துணியின் ஒரு சதுர மீற்றர் நிறை, பெட்டியின் அளவு, மொத்த நிறை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். அதைத் தொழிற்சாலை நிரப்பட்டும்.

தூணின் உயரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வளர்ந்த பூனை முன்னங்காலைத் தூக்கி உடம்பை முழுதாக நீட்டித்தான் பிராண்டும். அதற்கு 80 முதல் 90 சென்ரிமீற்றர் வேண்டும். மலிவு விலையில் வருபவற்றில் பல இதில் பாதிதான் இருக்கும். பூனை அதைத் திரும்பியும் பார்க்காது, உங்கள் செற்றியைத்தான் பிராண்டும்.

படி 2: தொழிற்சாலையிடம் கேட்க வேண்டியவை

“நல்ல தரமா?” என்று கேட்டால் “மிக நல்ல தரம்” என்றுதான் பதில் வரும். அளந்து சொல்லக்கூடியதைக் கேளுங்கள். பலகை எம்டிஎப்பா (மரநாரைப் பசையுடன் அழுத்தியது) சிப்போர்ட்டா (மரச்சிம்பைப் பசையுடன் அழுத்தியது), எத்தனை மில்லிமீற்றர்? தூணுக்குள் இருப்பது மட்டைக் குழாயா மரமா, குழாயென்றால் சுவர்த் தடிப்பு என்ன? கயிறு உண்மையான சிசலா (கற்றாழை போன்ற ஒரு செடியின் நார்), நைலோன் கலந்ததா? பலகை ஈ1 தரமா (பசையிலிருந்து வெளியேறும் போர்மல்டிஹைட் வாயு குறைவு என்ற ஐரோப்பிய வகுப்பு), அதற்கான சோதனை அறிக்கை இருக்கிறதா? ஆகக் குறைந்த ஓடர் எத்தனை துண்டு?

பேசுகிறவர் உற்பத்தியாளரா இடைத்தரகரா என்று அறிய, வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்து கயிறு சுற்றும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தரகர் என்றால் ஒதுக்கிவிட வேண்டும் என்றில்லை. சிறிய ஓடரைத் தொழிற்சாலை ஏற்காதபோது தரகர் ஏற்பார். ஆனால் யாருடன் பேசுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: பெட்டிக்கு முன் ஒரு கடித உறை

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இது. முழுப் பொருளையும் கேட்க முன்னர் பலகையில் உள்ளங்கையளவு இரண்டு துண்டு, கயிற்றில் ஒரு மீற்றர், துணியில் ஒரு வெட்டு, நான்கு திருகாணி ஆகியவற்றை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சின்னப் பொதிக்குள் வந்துவிடும், கூரியர் செலவும் குறைவு. மூன்று தொழிற்சாலைகளிடம் இப்படிக் கேட்டாலும், ஒரு முழு சாம்பிள் எடுப்பதை விட மலிவாகவே முடியும். கீழே வரும் சோதனைகளில் பாதியை இந்தத் துண்டுகளிலேயே செய்து, தோற்றவர்களைக் கழித்துவிட்டு, மிஞ்சியவரிடம் மட்டும் முழுப் பொருளைக் கேட்கலாம்.

படி 4: காசுக் கணக்கு

சாம்பிளின் விலை மொத்த விலையை விடக் கூடவாக இருக்கும். பெரிய ஓடர் கொடுத்தால் அதைக் கழித்துத் தருவீர்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூரியர் செலவுதான் ஆளை மலைக்க வைக்கும். விமானக் கூரியர்கள் உண்மையான நிறை, கனவளவு நிறை இரண்டில் கூடியதற்கே காசு எடுப்பார்கள். நீள, அகல, உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவதுதான் கனவளவு நிறை. 70×50×30 பெட்டியென்றால் 1,05,000. வகுத்தால் 21 கிலோ. உள்ளே இருக்கும் பொருள் 12 கிலோதான் என்றாலும் 21 கிலோவுக்குக் கட்ட வேண்டும். ஆகவே பொருளின் விலையைப் பேச முன் பெட்டியின் அளவைக் கேளுங்கள். கழற்றி அடுக்கக்கூடிய வடிவமா என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது.

ஒரே சாம்பிளில் இரண்டு துண்டு எடுங்கள். ஒன்று உடைப்பதற்கு, மற்றது அலுமாரியில் பத்திரமாகப் பூட்டி வைப்பதற்கு. செலவு வலிக்கும்தான். காரணம் கடைசிப் படியில்.

படி 5: சுங்கம்

‘சாம்பிள், வணிகப் பெறுமதி இல்லை’ என்று விலைப்பட்டியலில் எழுதினால் வரி இல்லை என்று நினைக்க வேண்டாம். சுங்கம் தன் கணக்கில் பெறுமதி போடும். உண்மை விலையையே எழுதச் சொல்லுங்கள். இறக்குமதித் தீர்வை, செஸ் என்ற மேல்வரி போன்றவை பொருள் எந்தச் சுங்கக் குறியீட்டின் கீழ் வகைப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும். மரம், துணி, கயிறு எல்லாம் கலந்த பொருள் என்பதால் எந்தக் குறியீடு என்று கொழும்பிலுள்ள கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இவற்றுக்கு மேல் வற் வரி. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். இறக்குமதி அனுமதிப்பத்திரம் தேவையா என்பதையும் அவரிடமே கேட்டு வையுங்கள். மரச்சட்டத்தில் அடைத்து அனுப்புவதாக இருந்தால், அந்தச் சட்டத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) இருக்க வேண்டும்.

படி 6: பெட்டி வந்ததும்

திறக்க முன்னரே ஆறு பக்கமும் படம் எடுங்கள். பிறகு, திறக்காமலே விழுத்திப் பாருங்கள். பொதிச் சோதனையில் வழக்கமான முறை ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்துத் தடவை விழுத்துவது. 10 முதல் 18 கிலோ வரையான பெட்டிக்கு உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர். கொழும்பில் ஒரு லொறி, வவுனியாவில் இன்னொரு லொறி என்று மாறி வரும் பொதி இதைவிடக் கூடவே அடிபடும். உள்ளே பலகையின் மூலை நசுங்கியிருந்தால் பொருளில் பிழையில்லை, பொதியில்தான் பிழை, மூலைக்காப்பு கேளுங்கள்.

அடுத்து, இந்தப் பொருளை முன்பின் பார்க்காத ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்து, விளக்கத் தாளை மட்டும் பார்த்துப் பூட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது. அவர் தடுமாறும் இடத்தில்தான் நாளைக்கு வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பு வரும்.

படி 7: சோதனைகள்

*அளவு.* பாடசாலையில் பிடித்த அதே வேணியர் இடுக்கிமானி போதும். 15 மில்லிமீற்றர் என்ற பலகை 12 ஆக இருப்பதும், 8 மில்லிமீற்றர்க் கயிறு 6 ஆக இருப்பதும் இந்த வியாபாரத்தில் நடக்கும். படி 1இல் எழுதிய தாளில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உண்மை அளவைக் குறியுங்கள்.

*சாய்வு.* சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த விசைத் திருப்பம்தான். மொத்த நிறையை அடிப்பலகை அகலத்தின் பாதியால் பெருக்கி, உயரத்தால் வகுங்கள். 12 கிலோ நிறை, 50 சென்ரிமீற்றர் அடி, 120 உயரம் என்றால் 12×25÷120, அதாவது 2.5 கிலோ. உச்சியில் பக்கவாட்டாக இவ்வளவு இழுவை பட்டாலே சரியத் தொடங்கும். நாலு கிலோப் பூனை ஓடி வந்து பாய்ந்தால் இது போதாது. பயணப்பையை நிறுக்கும் கொளுக்கித் தராசை உச்சித் தட்டில் மாட்டி இழுத்தும் பாருங்கள். அடிப்பலகை எப்போது தூக்குகிறது என்று தராசே சொல்லும். குறைவாக இருந்தால் அடியை அகலமாக்கவோ, சுவரில் பூட்ட ஒரு பட்டி தரவோ கேளுங்கள். சுவர்ப் பட்டி தராத உயரமான மொடலை நான் விற்கமாட்டேன்.

*தண்ணீர்.* ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீடுகளில் காயப்போட்ட உடுப்பே காயாது. பலகை எப்படி இருக்கும்? பலகைத் துண்டின் தடிப்பை அளந்து, தண்ணீருக்குள் 24 மணி நேரம் போட்டு, எடுத்துத் துடைத்துத் திரும்ப அளவுங்கள். 15 மில்லிமீற்றர் 17.4 ஆனால் வீக்கம் 16 வீதம். ஐரோப்பிய நியமம் ஈஎன் 317 செய்வதும் ஏறக்குறைய இதையேதான். இரண்டு தொழிற்சாலைத் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வெட்டிய விளிம்புகள் துணிக்குள் மறைந்திருக்கும். அங்கே பூச்சு இருக்கிறதா என்று துணியை உரித்துப் பாருங்கள்.

*மணம்.* எம்டிஎப், சிப்போர்ட் பசையிலிருந்து போர்மல்டிஹைட் வாயு வெளியேறும். புற்றுநோய்க்கான பன்னாட்டு ஆய்வு முகவரகம் அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் வெளியேறுவதும் கூடும். எனவே குளிரூட்டிய அறையில் மணக்காத பலகை சித்திரை வெயிலில் மணக்கலாம். சின்ன அறைக்குள் வைத்து யன்னல் பூட்டி, மறுநாள் மத்தியானம் திறந்து உள்ளே போங்கள். கண் எரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

*உப்பு.* குருநகர், பாசையூர்ப் பக்கம் கடற்காற்றில் கேற்றே கறள் பிடிக்கிறது. திருகாணிகளை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சில நாள் சுற்றி வையுங்கள். நாகமுலாம் ஒழுங்காகப் பூசாதவை தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

*கறையான்.* இதற்குச் சோதனை தேவையில்லை. எம்டிஎப்பும் சிப்போர்ட்டும் அதற்குச் சாப்பாடு. அடியில் பிளாஸ்டிக் கால் கேளுங்கள். கறையானை அது முற்றாகத் தடுக்காது. ஆனால் நிலத்து ஈரம் ஏறாது, வரும் மண்புற்றும் கண்ணில் படும்.

*பூனையின் உயிர்.* தொங்கும் பந்து, மணி, நூல் எல்லாவற்றையும் கையால் பலமாக இழுங்கள். கழன்று வருவதைப் பூனை விழுங்கும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி இழுத்து, சத்திரசிகிச்சை வரை கொண்டுபோகும். கயிற்றின் நுனியை ஸ்டேப்பிள் ஊசியால் அடித்திருந்தால் அதன்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கீறினால் பூனையின் பாதத்தையும் கீறும்.

நாய்ப் படுக்கைக்கு இவ்வளவு இல்லை. உறையைக் கழற்றித் தோய்த்து, சுருங்கியதா என்று பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பத்துக் கிலோ அரிசிப் பையை இரவு முழுக்க மேலே வைத்து, காலையில் பஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். சிப் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குட்டி நாய் ஒரு நாளிலேயே கடித்து எடுத்துவிடும்.

படி 8: முடிவும் முத்திரையும்

திருத்தங்களை எழுதி அனுப்புங்கள், படத்தில் அம்புக்குறி போட்டு. பெரிய மாற்றம் என்றால் திருத்திய சாம்பிளைத் திரும்பவும் கேளுங்கள். திருப்தி வந்ததும், உடைக்காமல் வைத்த துண்டில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட திகதியை எழுதி, கையொப்பமிட்டு, படம் எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புங்கள். அளவுத்தாளையும் விலைப்பட்டியலுடன் இணைத்து, ‘இந்த சாம்பிளுக்கு அமைய’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 30 வீதம் முற்பணம், அனுப்ப முன் 70 வீதம் என்பதே பொதுவான வழக்கம். அந்த 70 வீதத்தைக் கட்ட முன்னர் ஒருவரை வைத்துப் பொருளைப் பரிசோதிக்க வேண்டும்; அந்தப் பரிசோதகர் எதனுடன் ஒப்பிடுவார்? பூட்டி வைத்த துண்டுடன்தான்.

அதே சாம்பிளை ஊரில் ஒரு தச்சரிடமும் காட்டி விலை கேளுங்கள். வரியும் கப்பல் கூலியும் சேர்ந்த பிறகு, கனமான சாமான்களில் அவருடைய விலை கிட்ட வரலாம்.

சீனாவுக்கு ஓடர் கொடுப்பதென்றால் நாட்காட்டியைப் பாருங்கள். அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பெப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில் வரும். தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் பூட்டியிருக்கும். பொங்கல் முடியட்டும் என்று காத்திருந்தால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.