என் கொக்கு ஏன் தாராவாகியது: டிஜிட்டல் சித்திரத்திலும் அனிமேஷனிலும் தவிர்க்க வேண்டிய பிழைகள்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்து வாய்க்காலோரம் வளர்ந்த எனக்கு, முதல் அனிமேஷனுக்குப் பாத்திரம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வயலில் நிற்கிற வெள்ளைக் கொக்கு எழும்பிப் பறக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து செக்கன். இரண்டு கிழமை மினக்கெட்டுக் கீறி முடித்து, போனை அம்மப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார்.

"வடிவாத்தான் கீறியிருக்கிறாய். ஆனா இது தாராவெல்லோ?"

கழுத்துத்தான் பிழை. எழும்புகிற கணத்தில் கொக்கு கழுத்தை நீட்டும். பறக்கத் தொடங்கியதும் அதை மடித்துத் தலையைத் தோளோடு இழுத்துக்கொள்ளும். கால்கள் இரண்டும் பின்னால் நீண்டிருக்கும். நான் கடைசிவரை கழுத்தை வாத்தைப் போல நேராக விட்டிருந்தேன். வாசலில் நாளாந்தம் இறங்குகிற பறவையை, இணையத்தில் அகப்பட்ட ஏதோவொரு படத்தைப் பார்த்துக் கீறியதால் வந்த வினை. இணையத்தில் படம் பார்ப்பது குற்றமில்லை. கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு அதை மட்டும் பார்ப்பதுதான் பிழை.

அம்மப்பா சொல்லாத இன்னொரு பிழையும் இருந்தது. பொதுவாக ஒரு செக்கனுக்கு 24 பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வருகிற 24 சட்டங்கள். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும். ஐந்து செக்கனுக்கு 60. நான் முதலாவதிலிருந்து வரிசையாகக் கீறிக்கொண்டு போனேன். முப்பதாவது படத்துக்கு வரும்போது கொக்கு கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது. முதலில் முக்கியமான நிலைகளை மட்டும் கீற வேண்டும்: காலை மடக்கிப் பதுங்குவது, உந்துவது, சிறகு மேலே, சிறகு கீழே. அவற்றை ஓட்டிப் பார்த்து நேரம் சரிவந்த பிறகுதான் இடைப்படங்கள்.

இடைப்படங்களைச் சம தூரத்தில் வைத்தாலும் பறவை நூலில் கட்டி இழுத்த கடதாசிக் கொக்குப் போலத்தான் அசையும். சிறகு திரும்புகிற இடங்களில் படங்கள் நெருக்கமாகவும், நடுவில் விலகியும் இருக்க வேண்டும். சிறகு கீழே அடிக்கும்போது விரிந்திருக்கும், உடம்பு சற்று மேலெழும்பும். மேலே போகும்போது சிறகு மடியும், உடம்பு கொஞ்சம் தாழும். இதை நம்பக் கஷ்டமென்றால் போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். செக்கனுக்கு 120 பிரேமில் எடுத்து, பத்துக்கு ஒன்றாகப் பொறுக்கினால் உங்களுக்கு வேண்டிய 12 நிலைகளும் கையில்.

நிறத்தில் எல்லாரும் விடுகிற பிழை, நிழலுக்குக் கறுப்பைக் கலப்பது. என் கொக்கு சேற்றில் விழுந்தெழும்பினது மாதிரி இருந்தது அதனால்தான். வெட்டவெளியில் நிழலுக்குள்ளும் வெளிச்சம் உண்டு. வானத்தைப் பார்த்த பகுதி நீலத்தை வாங்கும், நிலத்தைப் பார்த்த பகுதி நிலத்தின் நிறத்தை வாங்கும். பச்சை வயலுக்கு மேலே பதிவாகப் பறக்கிற கொக்கின் வயிற்றில் மெல்லிய பச்சை தெரியும். கிரவல் றோட்டில் நடந்து வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கீழ்ப்பக்கம் செம்மை தட்டும். வன்னி வெயிலில் இதைப் பார்க்கக் கண்ணாடி போடத் தேவையில்லை.

ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு சுவரொட்டி செய்து கொடுத்து மானம் போன கதையும் உண்டு. 1080க்கு 1080 பிக்சலில் கீறியிருந்தேன். போனில் பளிச்சென்றிருந்தது, அச்சில் மங்கிப் பிசிறடித்தது. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால், அந்தப் படம் ஒன்பது சென்ரிமீற்றரளவுதான் வரும். ஏ4 தாளுக்கே 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். திரையில் மினுங்கும் இளம்பச்சையும் அச்சு மையில் அப்படியே வராது. ஆகவே தொடங்க முதலே கேளுங்கள்: இது திரைக்கா, தாளுக்கா?

ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறின லேயர்களை (அடுக்குகளை) ஒன்றாக்கிவிட்டு ஜேபெக்கில் மட்டும் சேமித்தால் பிறகு திருத்த வழியில்லை. மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள், நாளுக்கொரு பிரதியாக. பற்றரி செத்த லப்டொப்பில் வேலை செய்பவர்கள் கரண்டை நம்பவே வேண்டாம். ஒரு மாலை மின்வெட்டில் என் மூன்று நாள் வேலை போனது.

விலையுயர்ந்த டப்லெட் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கீறவும் அசைக்கவும் உதவுகிற கிரிட்டா, பிளெண்டர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். களவு மென்பொருளை இறக்கி வைரஸ் வாங்கத் தேவையில்லை. போன் மட்டும் இருந்தால் ஐபிஸ் பெயின்டில் கீறலாம், பிளிப்பாகிளிப்பில் அசைக்கலாம். அந்தக் கொக்கை நான் செய்ததும் விரலால்தான்.

ஆனால் பென்சிலை விட்டுவிடாதீர்கள். திரையில் பிழை விட்டால் 'அன்டூ' இருக்கிறது என்று கை சோம்பலாகிவிடும். என் பையில் இப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. வவுனியா பஸ் மாங்குளத்தில் ஆள் ஏற்றுகிற நேரத்துக்குள் முன்சீட்டுக்காரரின் பிடரியும் காதும் முடிந்துவிடும். பெரும்பாலும் காது பிழைத்துத்தான் போகும்.